அம்பலம் ஏறிய சொல்

(கண்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மண்டபம், மன்றம், அவை, அரங்கு, சாவடி என்று ஊர் கூடும் இடத்துக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்று அழைத்தவர்கள் கேட்டார்கள். அம்பலம் என்றேன். அது சிதம்பரத்துக் கதையாயிற்றே, கண்டியில் பேச அதில் என்ன இருக்கிறது என்று ஒருவர் சிரித்தார். கண்டியில்தான் ஐயா இருக்கிறது. சிதம்பரத்து அம்பலம் பொன் வேய்ந்தது, இங்கே உள்ளது ஓடு வேய்ந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஓட்டுக் கூரையின் கீழேதான் இந்தச் சொல்லின் பழைய பொருள் இன்னும் குடியிருக்கிறது என்பது என் எண்ணம். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் கடுகண்ணாவையில் பழைய றோட்டோரம் ஒரு கட்டடம் நிற்கிறது. தூண்கள், கூரை, உட்கார ஒரு திண்ணை. சிங்களத்தில் அதற்குப் பெயர் 'அம்பலம'. பெயரைக் கேட்டதும் தமிழனுக்குக் காது நிமிரும். நாம் எழுதும்போது 'ப' போடுகிறோமே தவிர, வாயால் சொல்லும்போது அவர்கள் சொல்வதும் நாம் சொல்வதும் ஒரே ஒலிதான். கடைசியில் ஒரு அகரம் மட்டும் கூடியிருக்கிறது.

அந்த அகரமே நல்ல சாட்சி. நம்முடைய பாலம் சிங்களத்தில் பாலம. காணியைக் குறிக்கும் அவர்களுடைய சொல் இடம, அது நம்முடைய இடம். கப்பம் அங்கே கப்பம. 'அம்' என்று முடிகிற தமிழ்ச் சொல் சிங்களத்துக்குள் போகும்போது இப்படி ஒரு வாலை வளர்த்துக்கொள்வது வழக்கம். அம்பலமும் அதே வாசலால்தான் போயிருக்கிறது. எப்போது போனது என்று தேதி சொல்ல முடியாது. ஆனால் 14ஆம் நூற்றாண்டில் இந்தக் கண்டிச் சுற்றுவட்டாரத்தில் தமிழ் எப்படிப் புழங்கியது என்பதற்குக் கல்லிலேயே தடயம் உண்டு. கம்பளை அரசின் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்த இலங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்திலுள்ள கடலாதெனிய விகாரையைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. சொல் கடன் வாங்கப்படுவது போர்க்களத்தில் அல்ல. கூலி கொடுக்கிற இடத்திலும் கல் சுமக்கிற இடத்திலும்தான்.

சிங்கள மக்களிடமும் இந்தச் சொல்லுக்கு வேடிக்கையான விளக்கங்கள் உண்டு. தெற்கே அம்பலாங்கொடை என்ற ஊர் இருக்கிறது. கடலில் வழிதவறிய மீனவர்கள் கரையைக் கண்டதும் "ஆன் பலன் கொட", அதோ பார் கரை, என்று கூவினார்களாம், அதுவே ஊர்ப்பெயர் ஆயிற்றாம். கேட்க நன்றாக இருக்கிறது. அம்பலம இருந்த மேடு என்று சொன்னால் கதை இல்லாமல் போய்விடும், அதனால் யாரும் அதைச் சொல்வதில்லை. நாம் மட்டும் என்ன? சிதம்பரம் என்ற பெயரைச் 'சித்' என்றும் 'அம்பரம்' என்றும் பிரித்து, ஞான ஆகாயம் என்று பொருள் சொல்லி, அந்த அம்பரத்திலிருந்துதான் அம்பலம் வந்தது என்பாரும் நம்மிடையே உண்டு. தேவாரம் பாடியவர்கள் பாடியது தில்லைச் சிற்றம்பலத்தை. சிற்றம்பலம் என்றால் சின்ன அம்பலம், அவ்வளவுதான். சிதம்பரம் என்ற பெயர் ஊருக்கு வழங்கத் தொடங்கியது பின்னால். ஆகாயத்திலிருந்து அம்பலம் இறங்கவில்லை, சின்ன அம்பலத்தைத்தான் பிற்காலத்தார் ஆகாயத்துக்கு ஏற்றினார்கள் என்றே எனக்குப் படுகிறது. தத்துவமாக அது மிக அழகானது. சொல்லின் பிறப்பாக அதை நான் ஏற்கமாட்டேன்.

இந்த அம்பலம என்பது எதற்காக இருந்தது? இதற்குச் சிங்களப் புலவரையோ தமிழ்ப் புலவரையோ கேட்க வேண்டாம். ஒரு கைதியைக் கேட்போம். றொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660இல் கிழக்குக் கரையில் பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்கனின் கண்டி இராச்சியத்தில் 1679 வரை இருந்தவர். சிறைக்கூடத்தில் அல்ல, ஊர்களில்தான் வைத்திருந்தார்கள். கடைசியில் கண்டிக்கு அருகே எலதெத்த என்ற ஊரில் வீடு கட்டிக் குடியிருந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல் கடன் கொடுத்தார். தப்பிப் போய் 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலில் அம்பலம வருகிறது, அவர் காதில் விழுந்தபடி கொஞ்சம் கோணலான எழுத்துக்கூட்டலோடு.

அவர் சொல்வதைப் பாருங்கள். அந்நியரும் வழிப்போக்கரும் தங்குவதற்காகக் கட்டிய இடம் அது. வேலை இல்லாத நேரத்தில் ஊர் ஆண்கள் அங்கே வந்து கூடுகிறார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மிகவும் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அரண்மனையில் என்ன நடக்கிறது, அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையில் என்ன சங்கதி, நகரத்தில் மக்களை எந்த வேலையில் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் முதல் பேச்சு. பிறகு மாடு, வயல். வெளிநாட்டான் ஒருவன் அகப்பட்டால் விடமாட்டார்கள். உங்கள் நாட்டுச் சட்டம் எப்படி, உங்கள் அரசனுக்கு நீங்கள் எவ்வளவு வரி கட்டுகிறீர்கள், எங்கள் நாடு மாதிரிதானா என்று துளைத்து எடுப்பார்களாம். பொழுதுபோக்கு என்று அவர்களுக்கு இருந்ததில் பெரியது இதுதான் என்கிறார் நொக்ஸ்.

கொடுங்கோன்மைக்குப் பெயர்போன ஓர் அரசன் ஆண்ட காலத்தில், நாலு தூணுக்கு நடுவே குந்தி, அடுத்த நாட்டில் வரி எவ்வளவு என்று விசாரித்தார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சுவர் இல்லாத கட்டடத்தில் இரகசியம் பேச முடியாது. ஆனால் யார் வருகிறான் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். அரசாங்கத்தைப் பற்றிக் கதைக்க அதுவும் ஒரு வசதி.

கட்டடத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். கண்டியரின் பழைய அம்பலங்களில் நல்ல மாதிரி வேண்டுமென்றால் குருநாகல் மாவட்டத்துக்குப் போக வேண்டும். பனாவிட்டியவில் உள்ளது தூணுக்குத் தூண் செதுக்கு வேலை கொண்டது. எனக்குப் பிடித்தது நாரம்மலைக்குப் பக்கத்திலே கரகஹகெதரவில் உள்ளது. நான்கு மூலைக்கு நான்கு பெரிய கருங்கற்கள். அவற்றின் மேல் நான்கு தடித்த மர உத்தரங்களைச் சதுரமாகக் கிடத்தியிருக்கிறார்கள். அத்திவாரமும் அதுதான், ஆசனமும் அதுதான். அந்த உத்தரங்களின் மேல்தான் தூண் நிற்கிறது, மனிதனும் உட்காருகிறான். நாலு பக்கமும் உட்கார்ந்தால் எல்லார் முகமும் உள்ளே பார்க்கும். நொக்ஸ் சொன்ன 'ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி' என்பது வெறும் வருணனை அல்ல, தச்சன் அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறான். தரை ஈரமும் கறையானும் அட்டையும் எட்டாத உயரத்தில் மரம் இருக்கிறது. ஆகவே உள்ளே போக வேண்டுமென்றால் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும்.

அந்த ஏற்றத்தைப் பார்த்தபோதுதான் நமது பழமொழி ஒன்றின் வினைச்சொல் எனக்குத் துலங்கியது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்கிறோம். ஏன் 'ஏறாது'? 'சேராது' என்று சொல்லியிருக்கலாம், 'போகாது' என்று சொல்லியிருக்கலாம். அம்பலம் தரைமட்டத்தில் இருந்ததில்லை. ஊர்ப் பெரியவர்கள் மேலே இருந்தார்கள், முறைப்பாட்டுக்காரன் கீழே நின்றான். பழமொழியைச் சொன்னவன் கீழே நின்றவனாகத்தான் இருக்க வேண்டும்.

கண்டியிலும் அம்பலம் வழிப்போக்கரின் திண்ணையாக மட்டும் இருந்ததில்லை. கண்டியின் கடைசிக் கால ஆட்சி முறையைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தவர் ஜோன் டொயிலி, கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் கொண்டுவருவதற்குத் திரைமறைவில் வேலை செய்த அதே டொயிலி. ஊரிலே ஒரு வழக்கு எழுந்தால் அனுபவமுள்ள பெரியவர்கள் அம்பலத்திலோ நிழல்மரத்தின் கீழோ கூடித் தீர்த்து வைப்பார்கள், அதுவே கம்சபை என்று அவர் எழுதுகிறார். வேலித் தகராறு, கடன், மாடு வயலில் இறங்கியது, இப்படிப்பட்டவை. பிரித்தானியர் அதை முதலில் வாட விட்டு, பிறகு 1871இல் கிராமச் சமுதாயச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து உயிர்ப்பிக்கப் பார்த்தார்கள். கடதாசியில் உயிர் வந்தது.

இனி நம்முடைய பழைய நூல்களுக்குப் போவோம். சங்க காலத்தில் ஊர்ப் பொதுவிடத்துக்குப் பொதியில் என்று பெயர். பொது இல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பொதியில் ஒன்று வருகிறது. போரில் சிறைபிடித்து வந்த பெண்கள் நீராடிவிட்டு வந்து அதை மெழுகிப் பூவிட்டு அந்தியில் விளக்கேற்றுகிறார்கள். நடுவே கந்து என்ற தூண். தெய்வம் உறைவதாகப் பலரும் அதைத் தொழுகிறார்கள். இரவில் அங்கே தங்குகிறவர்கள் யார்? வம்பலர், அதாவது ஊருக்குப் புதியவர்கள். தொழும் இடமும் அதுவே, பரதேசி படுக்கும் இடமும் அதுவே. இரண்டுக்கும் நடுவில் யாரும் சுவர் எழுப்பவில்லை.

மணிமேகலையிலும் அதே பட்டினத்தில் உலக அறவி என்று ஓர் அம்பலம் உண்டு. எவரும் நுழையலாம், வாசல் அடைக்கப்படுவதில்லை. குருடரும் செவிடரும் முடவரும் பசித்தவரும் அங்கேதான் கிடப்பார்கள். மணிமேகலை அமுதசுரபியை எடுத்துக்கொண்டு அன்னமிடப் போனது அரண்மனைக்கோ விகாரைக்கோ அல்ல, அந்த அம்பலத்துக்கு. தமிழில் எழுந்த பௌத்த காப்பியத்தின் நாயகி அன்னமிடத் தேர்ந்த இடத்தின் பெயர், பௌத்தர்கள் வாழும் இந்த மலைநாட்டில் வழிப்போக்கர் மடத்தின் பெயராக நின்றிருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் கதை கட்டவில்லை. பொருள் ஒன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பிற்பாடு இந்தச் சொல் மூன்று வழியில் பிரிந்தது. மலையாளத்தில் தொழுகைப் பக்கம் ஓங்கியது. அங்கே அம்பலம் என்றால் கோயில், கோயில் பணி செய்யும் குலத்தார் அம்பலவாசிகள். தங்குமிடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் 'வழியம்பலம்' என்று அடைமொழி போட வேண்டியிருக்கிறது. தமிழகத்தில் தில்லை மன்று பொன்னம்பலமாயிற்று, மதுரை வெள்ளியம்பலமாயிற்று. அங்கிருந்து மனிதர் பெயருக்கு இறங்கியது. ஈழத்தில் பொன்னம்பலம், அம்பலவாணர், திருச்சிற்றம்பலம் என்ற பெயர்கள் இல்லாத உறவு வட்டம் உண்டா? மதுரை, சிவகங்கைப் பக்கத்தில் ஊர்த் தலைவருக்கே அம்பலம், அம்பலக்காரர் என்று பட்டம். கட்டடம் விழுந்தாலும் ஆள் நின்றுவிட்டார். இன்றைய பத்திரிகைத் தமிழிலோ அம்பலம் என்றால் ஊழல் வெளிப்படுவது. 'மோசடி அம்பலம்' என்று தலைப்பிடாத நாளில்லை. பலர் அறிய நடப்பது என்ற பொருளின் எச்சம் அது, நல்லது நடப்பதற்கு அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை என்பதுதான் குறை.

தில்லையில் ஏறும் பிரச்சினை இன்னும் ஓயவில்லை. கனகசபை மீது ஏறி நின்று பக்தர்கள் வழிபடலாம் என்று தமிழக அரசு 2022 மே மாதத்தில் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. தீட்சிதர்கள் எதிர்த்தார்கள், வழக்குக்குப் போயிற்று. யார் ஏறலாம் என்ற கேள்வி அம்பலத்தைவிட்டு இறங்குவதாக இல்லை.

மூன்றாவது வழி கண்டி. இங்கே சொல் தெய்வத்திடமும் போகவில்லை, பட்டமாகவும் ஆகவில்லை, செய்தித்தாளுக்கும் வரவில்லை. நடந்து களைத்தவன் உட்காருகிற இடமாகவே நின்றுவிட்டது. வம்பலர் தங்கும் பொதியில் என்ற அந்தப் பழைய பொருளைத் தமிழகம் கைவிட்ட பிறகும் சிங்களம் கைவிடவில்லை. கடன் கொடுத்தவன் வீட்டில் தொலைந்துபோன பாத்திரம் கடன் வாங்கியவன் அடுப்படியில் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. தலதா மாளிகைக்குப் பக்கத்திலே மகுல் மடுவ என்ற அரச சபை மண்டபம் இருக்கிறது. 1783இல் இராஜாதி இராஜசிங்கன் தொடங்கினான், நாயக்க வமிசத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் முடித்தான். மகுல் என்பது மங்கலத்தின் சிங்கள வடிவம். இன்றைய பேச்சுச் சிங்களத்தில் கலியாணத்துக்கும் அதுவே பெயர். மடுவ என்பது மண்டபம் தேய்ந்து ஆனது. ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது கலியாண மண்டபம். 1815 மார்ச் 2ஆம் தேதி அந்தக் கலியாண மண்டபத்தில்தான் இராச்சியத்தைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள்.

இந்த மடுவ என்ற சொல்லைத் தோட்டத்திலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொழுந்து மடுவம் என்று சொல்லாத வாய் உண்டா? காலையில் மலைக்குப் போனவர்கள் கூடையை இறக்கி, கணக்கப்பிள்ளை தராசைப் பார்க்க, கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதுகிற கொட்டகை. மண்டபம் சிங்களத்துக்குள் போய் மடுவ ஆகி, அங்கிருந்து மலையகத் தமிழுக்குள் மடுவமாக வந்து தராசடியில் நிற்கிறது. மதுரையில் ஆயிரங்கால் மண்டபம், கண்டியில் மகுல் மடுவ, தெல்தோட்டையில் கொழுந்து மடுவம். ஒரே சொல்லின் மூன்று பிறவி.

அம்பலமும் மடுவமும் சந்திக்கும் ஆண்டு ஒன்று உண்டு. 1820களில் கம்பளைப் பக்கமும் கன்னொறுவையிலும் கோப்பி போட்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அது மலை மலையாகப் பரவ, தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடை. வாந்திபேதியும் அம்மையும் பாதையோரம் விழுத்தியவர்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கால்களுக்கு அம்பலம் என்ற சொல் புதிதல்ல, ஊரிலிருந்தே தெரிந்த சொல். துரைமார் தங்க வாடிவீடு, நடந்து வந்தவனுக்கு அம்பலம் என்று பிரித்தானியக் காலத்துப் பாதைகள் ஆளுக்கொரு கூரையைப் பிரித்து வைத்தன. 1867இல் கொழும்பிலிருந்து ரயில் கண்டிக்கு வந்து சேர்ந்தது. அதே 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வியாபாரமாக நட்டார். ரயில் வந்தபின் நடப்பவர் குறைந்தார்கள், அம்பலத்துக்கு வேலை போயிற்று. தேயிலை வந்தபின் கொழுந்து நிறுக்க இடம் வேண்டியிருந்தது, மடுவத்துக்கு வேலை வந்தது.

லயத்தில் குடியேறிய நம்மவர்களுக்கு அதன் பிறகு கூடும் இடம் எது? விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம். பரேட் என்ற ஆங்கிலச் சொல் நம்மிடம் பெரட்டு ஆயிற்று. அது கூடும் இடமல்ல, கூட்டப்படும் இடம். கூரை கிடையாது, உட்கார இடம் கிடையாது. துரை குதிரை மேல், தொழிலாளி தரையில். அம்பலம் என்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பெயரில் சுமந்த சமூகம் அம்பலம் இல்லாமல் நூறாண்டு இருந்தது. கோயில் முற்றமும், மாரியம்மன் திருவிழாவும், காமன் கூத்துத் திடலும் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. தொழிற்சங்கம் தோட்டத்துக்குள் நுழையப் பட்டபாட்டில் பாதி, கூட்டம் போட ஓர் இடம் பிடிக்கும் பாடுதான்.

இன்று ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது, கதவும் பூட்டும் உண்டு, சாவி யாரிடம் என்பதில் சண்டையும் உண்டு. பஸ் தரிப்பிடங்களும் இருக்கின்றன. அம்பலத்தின் நேர் வாரிசு அவைதான். அமைச்சரின் பெயரைக் கூரையைவிடப் பெரிதாக எழுதாவிட்டால் இன்னும் கொஞ்சம் நிழல் கிடைக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்பெக்கே தேவாலயம் பிலிமத்தலாவையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தது, கதிர்காமத் தெய்வத்துக்கு, அதாவது நம்முடைய முருகனுக்கு உரியது. எல்லாரும் போவது அங்குள்ள மேள மண்டபத்தின் மரத் தூண்களைப் பார்க்க. கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒற்றை மர ஆணியில் வந்து கோத்திருப்பதையும் பாருங்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். ஊருக்குள் கொஞ்சத் தூரம் நடந்தால் எம்பெக்கே அம்பலம. அங்கே தூண்கள் கல், மேள மண்டபத்து மரச் செதுக்கு வேலையின் சாயல் அந்தக் கல்லிலும் இருக்கிறது. நொக்ஸ் குடியிருந்த எலதெத்தவும் அந்த வட்டாரத்தில்தான். தேவாலயத்துக்குச் சீட்டு வாங்க வேண்டும், அம்பலத்துக்கு ஒன்றும் வேண்டாம். ஏறி உட்காருங்கள்.